அண்ணனின் வலது கை

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களில் சிலர், சென்ற ஆண்டு அண்ணனின் உடலை நீராட்டும்போது அருகில் இருந்தீர்கள். அவருடைய இடது கன்னத்து எலும்பின் மேல் நீலம் பாரித்திருந்த தடிப்பைப் பார்த்துவிட்டு, "இது எப்படி?" என்று என்னைக் கேட்டீர்கள். கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார் என்றேன். அண்ணன் விழவில்லை. அந்தப் பொய்யைத் திருத்தவே இதை எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது கீழ்பென்னாத்தூரில். தந்தையார் இளவயதிலேயே மறைந்துவிட, அண்ணன் படிப்பை நிறுத்திப் பட்டாளத்தில் சேர்ந்தார். அவர் அனுப்பியதில்தான் நான் தமிழ் படித்து ஆசிரியரானேன். பட்டாளத்தில் அவர் குத்துச்சண்டை வீரர். அங்கே அவரைத் தோற்கடித்தவர், நம் பக்கத்து அடி அண்ணாமலைக்காரர். பிறகு அவரே தம் தங்கையை அண்ணனுக்கு மணம் முடித்துக் கொடுத்தார். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அவர் மாமா.

"என்னை ஜெயிக்க முடியாதவன் கிட்டதான் என் தங்கச்சி பத்திரமா இருப்பா" என்று பந்தியில் உட்கார்ந்து சொல்வார். அண்ணி பரிமாறுவதை நிறுத்திவிட்டு முறைப்பார். அண்ணன் தலை குனிந்து சிரிப்பார்.

ஓய்வு பெற்று வந்த பின் அண்ணன் செங்கம் சாலையில் பம்புசெட் மோட்டார் பழுது பார்க்கும் கடை வைத்தார். கிணற்றில் மோட்டார் நின்றுவிட்டது என்று யார் கூப்பிட்டாலும் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் போவார். அவரிடம் கடுஞ்சொல் கேட்டவர் இந்த மாவட்டத்தில் இல்லை.

எண்பத்தொன்பதாம் ஆண்டில் மாமாவின் இடது கண் மங்கியது. அண்ணனிடம் சொல்லாமல் என்னை அழைத்துக்கொண்டு கண் மருத்துவரிடம் போனார். நரம்பு வற்றிவிட்டது, இனிப் பார்வை திரும்பாது என்றார் மருத்துவர். வெளியே வந்ததும் மாமா என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"வாத்தியாரே, இது மாப்ளைக்குத் தெரியக் கூடாது."

"ஏன் மாமா?"

"பொங்கலுக்கு நாங்க ரெண்டு பேரும் கையுறை மாட்டணும்னு ஊர்ப் பசங்க கேட்டிருக்கானுங்க. தெரிஞ்சா அவன் அந்தப் பக்கம் அடிக்க மாட்டான். பாவம் பாத்து அடிக்கறவன்கூட எனக்கு என்ன சண்டை?"

சொல்ல மாட்டேன் என்று மலையைப் பார்த்துச் சொன்னேன்.

மாட்டுப் பொங்கலன்று காலை, அடி அண்ணாமலையில் சவுக்குக் கம்பம் நட்டுக் கயிறு கட்டி மேடை அமைத்திருந்தார்கள். இருவருக்கும் ஐம்பதை ஒட்டிய வயது. முதல் இரண்டு சுற்றும் மாமாவுடையவை. மூன்றாவதில் அண்ணனின் வலது கை பாய்ந்தது. மாமா விழுந்தார். எழுந்ததும் அண்ணனின் கையைத் தாமே உயர்த்திப் பிடித்து, "இப்பதான்டா மாப்ள, பொண்ணு குடுத்ததுக்கு அர்த்தம்!" என்று கத்தினார். அண்ணன் அவ்வளவு மகிழ்ந்து நான் பார்த்ததில்லை.

ஊர் சும்மா இருக்கவில்லை. டீக்கடையில் ஒரே வாக்குவாதம்.

"ரெண்டும் கிழடுங்கப்பா. காத்து அடிச்சு விழுந்தாரு."

"நீ ஒரு குத்து வாங்கிப் பாரு, அப்புறம் கிழடுன்னு சொல்லு."

மறுநாள் காணும் பொங்கல் பட்டிமன்றத்துக்கு வேறு தலைப்பு வைத்திருந்தார்கள். அதை மாற்றி, 'நேற்று மோதியது வீரமா, தளர்ந்த வயதா?' என்று வைத்தார்கள். 'தளர்ந்த வயதே' அணிக்கு நான் தலைவன். அண்ணனும் மாமாவும் முன் வரிசையில் அருகருகே உட்கார்ந்து, அடிக்கொருதரம் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

எதிரணியில் பேசிய வங்கி ஊழியர் கெட்டிக்காரர். "மூன்று சுற்றிலும் ஒரு முறையாவது கயிற்றில் சாய்ந்தார்களா?" என்று கேட்டார். கூட்டம் அவர் பக்கம் போய்விட்டது. எனக்கு அது பொறுக்கவில்லை. இறுதியாக எழுந்தவன், "ஒரு கண் பார்வையை இழந்தவரை, அவருக்குத் தெரியாத பக்கத்தில் அடித்து வீழ்த்தியதை வீரம் என்பீர்களா?" என்றேன்.

கைதட்டல் எழுந்தது. நடுவர் எங்கள் அணிக்கே தீர்ப்புச் சொன்னார். சால்வை போர்த்தினார்கள். மாமா எழுந்து வெளியே நடந்தார். இடப்பக்கம் இருந்த பந்தல் கால் அவர் தோளில் மோதியது. அண்ணன் தம் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் அண்ணன் மாமா வீட்டு வாசலில் போய் நின்றார். நானும் பின்னால் நின்றேன்.

"எனக்குத் தெரியாது மச்சான்."

"இனிமே தெரியுமில்ல" என்றார் மாமா. "இனி நமக்குள்ள ஆட்டம் கிடையாது மாப்ள. போ."

அந்தக் கார்த்திகை தீபத்துக்கு முன்பே மாமா நெஞ்சு வலியில் காலமானார்.

அதன் பிறகு அண்ணன் விடியற்காலையில் மொட்டை மாடிக்குப் போய்ப் பயிற்சி செய்யத் தொடங்கினார். மனம் ஆறட்டும் என்று விட்டுவிட்டோம். ஒருநாள் அண்ணி என்னைக் கூப்பிட்டனுப்பினார். கூடத்தில் நின்று மேலே காட்டினார். தளத்தில் காலடிச் சத்தம். ஒருவர் முன்னேற, இன்னொருவர் பின்வாங்கும் சத்தம். நடுவே அண்ணனின் குரல்:

"வலது வருது மச்சான். பாத்துக்கோ."

படியேறிப் போனேன். அண்ணன் மட்டுமே இருந்தார்.

பௌர்ணமி தோறும் கிரிவலம் போவார். வலப்பக்கம் மலை, இடப்பக்கம் ஓர் ஆள் நடக்கும் இடத்தை விட்டே நடப்பார். தோளோடு தோள் இடிக்கும் கூட்டத்திலும் அந்த இடத்தில் யாரும் கால் வைத்து நான் பார்த்ததில்லை. ஒருமுறை நானே வைக்கப் போனேன். சில்லென்று ஏதோ முழங்கையைத் தொட்டது. விலகிக்கொண்டேன். மாமாவின் வலப்பக்கம், அதாவது அவருக்குத் தெரியும் பக்கம், அண்ணன் நடக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

ஆண்டுகள் போகப் போக அண்ணனின் முகத்தில் காலை வேளைகளில் காயம் தென்பட்டது. மருத்துவரிடம் போகலாம் என்றேன்.

"முன்னைக்கு இப்ப வேகம் ஜாஸ்தி தம்பி அவனுக்கு" என்றார். "நான்தான் தளந்துட்டேன். அவனுக்கு வயசு ஏறல."

என்னை அவர் ஒரு நாளும் கடிந்ததில்லை. எனக்கு அதுவே பெரும் தண்டனையாக இருந்தது. கடைசி வாரத்தில், ஒரு மாலை, கட்டிலருகே நின்று, "அண்ணா, என்னை மன்னிச்சுடுங்க" என்றேன்.

"என்னை ஏன்டா கேக்கற?" கால்மாட்டை நோக்கிக் கண்ணைக் காட்டினார். "அவனைக் கேளு. அங்கிருந்து கேக்காத, அது அவனுக்குத் தெரியாத பக்கம். சுத்தி இப்படி வா."

நான் கட்டிலைச் சுற்றி மறுபுறம் வந்தேன். நாற்பது ஆண்டு மேடையில் பேசிய நான், வெறும் சுவரைப் பார்த்து, "மாமா, நான் சொன்னது தப்பு" என்றேன். கதவு அடைத்திருந்தும் திரைச்சீலை அசைந்தது. அதற்கு மேல் நான் எதுவும் சொல்லிக்கொள்ள விரும்பவில்லை.

அவர் மறைந்த அன்று, பொழுது புலரும் நேரத்தில், இரண்டு கைகளையும் முகத்துக்கு முன் உயர்த்தினார். ஒரு கையில் ஊசி வழி மருந்து ஏறிக்கொண்டிருந்தது. எப்படித் தூக்கினார் என்று தெரியவில்லை. "வலது வருது மச்சான்" என்றார். வலது கை சற்றே நீண்டது. உடனே அவர் தலை வலப்பக்கமாக வெட்டித் திரும்பியது. இடது கன்னம் சிவந்தது.

"பாத்துட்டான் தம்பி" என்றார். முகமெல்லாம் சிரிப்பு, அந்த மாட்டுப் பொங்கலன்று சிரித்ததைப் போல. "பாத்துட்டுத் திருப்பி அடிச்சான்."

பிறகு பேசவில்லை.

அந்தப் பட்டிமன்றத்தின் சால்வை இத்தனை நாள் என் பெட்டியில் கிடந்தது. அண்ணனின் அஸ்தியோடு அதையும் ஆற்றில் விட்டேன். வென்றதாகத் தீர்ப்புப் பெற்றவன், அது தவறான தீர்ப்பு என்று இங்கே எழுதிக் கையொப்பம் இடுகிறேன். தளர்ந்தவர்கள் அவர்கள் அல்லர்.

அண்ணனைத் தம் தகப்பனாரைப் போல் கவனித்த மருத்துவருக்கும் செவிலியர்க்கும், கடைசி நாட்களில் கண்ணுறங்காத அண்ணிக்கும், கீழ்பென்னாத்தூரிலிருந்து வேன் பிடித்து வந்து தோள் கொடுத்த உறவினர்களுக்கும் குடும்பத்தார் சார்பில் கைகூப்புகிறேன். பாடையின் முன்பக்கத்தைப் பிடித்தவர் மாமாவின் மகன். அவரைத் தனியே வணங்குகிறேன்.

இன்று நினைவு நாள் படையலில் இரண்டு இலை போடுகிறோம். மாமாவின் இலையை முதலில் போட்டு, அண்ணனின் இலையை மாமாவுக்கு வலப்பக்கம் போடும்படி அண்ணி சொல்லியிருக்கிறார். இலை போடும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார். இம்முறை பக்கம் தவற மாட்டேன்.