வெறும் தண்ணீரிலும் சால்மோனெல்லா

நான் ஒரு முட்டாள். அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, சோதனை செய்து உறுதிப்படுத்தியிருக்கிறேன்.

நாமக்கல்லில் ஒரு சின்ன ஆய்வகத்தில் எனக்கு வேலை. முட்டையிலும் கோழிக் கொட்டகையிலும் சால்மோனெல்லா கிருமி இருக்கிறதா என்று அதன் டிஎன்ஏவை வைத்துப் பார்ப்போம். கொட்டகையைத் துடைத்து வந்த பஞ்சிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்து மெஷினில் வைத்தால், கிருமியின் ஒரு துண்டை அது கோடிக்கணக்கில் பிரதி எடுத்துத் தள்ளும். அதை ஜெல் என்னும் கூழ்த் தகட்டில் மின்சாரம் விட்டு ஓட்டினால் ஒரு பட்டை ஒளிரும். கிருமி இல்லையென்றால் பட்டையும் இல்லை. கூடவே ஒரு குழாயில் வெறும் தண்ணீரும் வைக்க வேண்டும். அதிலும் பட்டை வந்தால் அழுக்கு நம்மிடம் என்று அர்த்தம். நான் தண்ணீர் வைப்பதை நிறுத்தியிருந்தேன். தண்ணீருக்கு யார் வந்து ரிப்போர்ட் கேட்கப்போகிறார்கள்?

போன கோடையில் ஏசி ரிப்பேர். ஃபேனைச் சுழலவிட்டு, மெஷினில் ஓடி முடிந்த, பிரதிகள் நிறைந்த குழாய்களை மேஜையிலேயே திறந்தேன். மறுநாள் சோதனைக்கும் அதே மேஜையில்தான் கலவை சேர்த்தேன். அதன்பின் வந்ததெல்லாம் பாசிட்டிவ். மாவட்டமே நாறுகிறது என்று நினைத்தேனே தவிர, என் மேஜையை மோந்து பார்க்கத் தோன்றவில்லை.

ஜேடர்பாளையம் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவருக்கு மூன்று முறை பாசிட்டிவ் கொடுத்தேன். சுத்தம் என்று ரிப்போர்ட் வராமல் அவருடைய முட்டையைக் கம்பெனி எடுக்காது. மூன்றாவது ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு என் எதிரே நின்றார்.

"ஏஞ்சாமி, கழுவிப்போட்டேன், மருந்தடிச்சுப்போட்டேன், தண்ணித் தொட்டியக்கூடச் சுரண்டியாச்சு. இனி என்னையத்தான் கழுவோணும்."

"மெஷின் பொய் சொல்லாதுங்கண்ணா."

வெள்ளைக் கோட்டு போட்டிருந்தால் இப்படியெல்லாம் வாயில் வரும்.

"அப்ப வெள்ளிக்கிழம லாரிய வரச் சொல்லி ஏத்தி உட்டர்றேன். முட்டயிடற கோழி சாமி. கறிக்குப் போட்டா அதுங்க ஒடம்புல என்ன இருக்குது?"

தலையாட்டினேன், அதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

வியாழக்கிழமை மாதிரிகள் குறைவு. ஒரு குழாய் காலியாக இருக்கிறதே என்று தண்ணீரை ஊற்றி வைத்தேன். மறுநாள் காலை ஜெல்லைப் பார்த்தால், இருந்ததிலேயே பிரகாசமாக ஒளிர்ந்தது அந்தத் தண்ணீர்தான்.

அடுத்த அறைக்கு ஓடினேன். புதுக் குழாய்கள், புதுக் கலவை. மிச்சமிருந்த அவருடைய பஞ்சை மறுபடி சோதித்தேன். தண்ணீரிலும் பட்டை இல்லை, அவருடையதிலும் இல்லை. அதற்குள் மதியம் தாண்டிவிட்டது. பாசிட்டிவ் வாங்கிய மற்றப் பண்ணைக்காரர்கள் இன்னும் கொட்டகையைக் கழுவிக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்களுக்கு ரிப்போர்ட்டைத் திருத்தி அனுப்பிவிடலாம். இவருக்குப் போன் போட்டேன். நல்ல செய்தியைப் போலச் சொன்னால் நல்ல செய்தியாகிவிடும் என்று ஒரு நப்பாசை.

"அண்ணா, தப்பு என்னுதுங்க. உங்க கோழிச் செட்டுல கிருமியே கெடையாதுங்க. கோழிய ஏத்த வேண்டாமுங்க!"

"காலையிலயே ஏத்தியாச்சுங்க."