பறக்கிற நேரமும் போய்ச் சேரும் நேரமும்

அந்தச் சிறிய விமான நிலையத்தில் எல்லோருக்கும் அவள் விசாரணை அக்கா. பதினெட்டு வருடமாக அதே கண்ணாடிக் கூண்டு, அதே சுழல் நாற்காலி. எந்த ஊர் எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு நேரம் பறக்கவேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள் என்று கணவர் கிண்டல் செய்வார்.

ஒருநாள் காலை பத்து மணிக்கு வெல்டர் ஒருவர் வந்து நின்றார். முன்கையெல்லாம் தீப்பொறி சுட்ட தழும்புகள். நாட்டின் மறுகோடியில் இருக்கும் சின்ன ஊர் ஒன்றைச் சொல்லி, அடுத்த விமானம் எப்போது என்று கேட்டார்.

"அந்த ஊருக்கு இங்கேருந்து நேரா பிளைட்டே கிடையாதே அண்ணே."

"நேத்து போன்ல நீங்கதானேம்மா சொன்னீங்க? ஆயிரத்து நூத்தி எண்பது கிலோமீட்டர், ரெண்டு மணி நேரம்னு."

அவளுக்குச் சுருக்கென்றது. தூரம் கேட்டார், நேரம் கேட்டார், சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அது வரைபடத்தில் கோடு போட்டால் வரும் கணக்கு. உண்மையில் தலைநகரம் போய், மாறித்தான் போகவேண்டும். குறைந்தது ஐந்து மணி நேரம்.

"தங்கச்சிக்கு மத்தியானம் ரெண்டு மணிக்கு இதய ஆபரேஷன்மா. அதுக்கு முன்னாடி வந்து நிப்பேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்."

அக்கா கூண்டை விட்டு வெளியே வந்தாள். பதினொன்றரை மணி விமானத்தில் இடம் பிடித்தாள். தலைநகரில் மாறுவதற்கு நாற்பதே நிமிடம். அங்கே விசாரணையில் இருப்பவளோடு பல வருடப் பேச்சு, முகம்தான் பார்த்ததில்லை. அவளை அழைத்து, "என் அண்ணன் மாதிரி நினைச்சுக்கோ. கையோட கூட்டிட்டுப்போய் ஏத்தி விட்டுடு" என்றாள்.

தங்கைக்கு எப்படிச் சொல்வது என்று வெல்டர் கையைப் பிசைந்தார். அக்காவே அவர் போனை வாங்கிப் பேசினாள்.

"தப்பு என் மேலதாம்மா. உங்க அண்ணன் வந்துட்டுதான் இருக்காரு. அஞ்சு மணி ஆயிடும்."

மறுமுனையில் தங்கை சொன்னாள்:

"சரிக்கா. நான் கண்ணு முழிக்கிறப்போ இருந்தாப் போதும். வழியில ஏதாவது சாப்பிடச் சொல்லுங்க. பட்டினி கிடந்தா எரிஞ்சு விழுவான்."

அன்று அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தாள். ஆறேகாலுக்கு வெல்டர் அழைத்தார்.

"முழிச்சிட்டாம்மா. மூஞ்சியைப் பார்த்ததும், சாப்பிட்டியான்னுதான் கேட்டா."

மறுநாளிலிருந்து யார் தூரம் கேட்டாலும், "எத்தனை மணிக்கு நீங்க அங்கே இருக்கணும்?" என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி. ஒவ்வொரு அழைப்பும் நீள்கிறது என்று மேலாளர் முணுமுணுக்கிறார். அவள் காதில் போட்டுக்கொள்வதில்லை.