ராகு காலத்துச் சாப்பாடு

என் மகளுக்கு நான் ஒரு படிப்பு அட்டவணை போட்டுக் கொடுத்தேன். அதைச் சுவரிலிருந்து கிழித்துப் போட்டாயிற்று. ஆனாலும் அந்தக் கட்டங்கள் இன்னும் என் கண்ணுக்குள்ளேயே இருக்கின்றன. மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதிலேயே பள்ளியை விட்டவன் நான். எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலேசியாவில், கிள்ளானில் பள்ளி வேன் ஓட்டுகிறேன். என் மனைவி ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமைக்கிறாள்; திங்கள் முதல் சனி வரை விடிவதற்கு முன்பே வேலைக்குக் கிளம்பிவிடுவாள். எங்களுக்கு ஒரே பெண். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவத்தை நல்லபடியாக முடித்தாள். இயந்திரப் பொறியியல் படிக்க வேண்டும், அதுவும் இந்தியாவில் இருக்கும் ஒரு பெரிய கல்லூரியில் என்பது அவள் ஆசை. அதற்கு ஒரு நுழைவுத் தேர்வு உண்டு. அங்கே ஊர் ஊராகப் பிள்ளைகள் அதற்காகவே வருஷக் கணக்கில் படிக்கிறார்களாம். அந்தத் தேர்வைக் கோலாலம்பூரிலேயே எழுதலாம் என்று தெரிந்ததும் அவளைப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு டியூஷனில் சேர்த்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே மாதிரித் தேர்வு. மற்ற நாளெல்லாம் வீட்டில் படிப்பு.

தேர்வு தைப்பூசத்துக்கு ஆறு நாள் முன்னால் வந்தது. தேதியைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. முருகனே பார்த்து வைத்த நாள் என்று நினைத்தேன். பதினைந்து வருஷமாகத் தைப்பூசத்துக்கு நாற்பத்தெட்டு நாள் விரதம் இருக்கிறவன் நான். அன்று மாலையே கோயிலுக்குப் போய், இந்த வருஷம் என் மகளும் விரதம் இருந்து பத்துமலையில் பால்குடம் எடுப்பாள், அவளுக்கு அந்த இடத்தைக் கொடு என்று வேண்டிக்கொண்டேன். அவளைக் கேட்டுக்கொண்டு வேண்டவில்லை. வீட்டுக்கு வந்துதான் சொன்னேன்.

என் மனைவி உடனே மறுத்தாள். "பரிச்ச முடியட்டுமேங்க. அடுத்த வருஷம் எடுக்கட்டும். படிக்கிற பிள்ளை ஒரு வேளை சாப்பாட்டுல எப்படி இருக்கும்?"

"பால் பழம் சாப்பிடலாம்ல. நான் வேன் ஓட்டல?"

"நீங்க ஸ்டேரிங்க சுத்துறீங்க. அவ மண்டைய சுத்தணும்."

மகள் சிரித்தாள். "பரவால்லமா, நான் இருக்கேன்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "நடுவுல முடியாம போனா என்னப்பா ஆகும்?" என்று கேட்டாள்.

"வேண்டிக்கிட்டு முறிக்கக் கூடாதும்மா. கேட்டது கெடைக்காம போயிடும்" என்றேன். இந்த வார்த்தையை நான்தான் சொன்னேன்.

அட்டவணையையும் நானே போடுவதாகச் சொன்னேன். அவள் நம்பவில்லை. "பிசிக்ஸுக்கு எவ்ளோ நேரம் வேணும்னு உங்களுக்குத் தெரியுமாப்பா?"

"எனக்கு நேரம் போடத் தெரியும். பாடத்த நீ எழுதிக்க."

பொய்யில்லை. காப்பார் சாலையில் பதினோரு வீட்டில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மணி அடிப்பதற்குள் பள்ளிக்குப் போகிறவனுக்கு ஒரு நிமிஷத்தின் அருமை தெரியும். பள்ளிப் பிள்ளைகள் சுவரொட்டி எழுதுகிற பெரிய வெள்ளைத் தாள், மாஜோங் பேப்பர் என்போமே, அதில் ஒன்றை வாங்கி வந்து அளவுகோல் வைத்துக் கோடு போட்டேன். தினசரி நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாளின் ராகு காலத்தையும் சிவப்பு மையால் அடைத்தேன். அந்த நேரத்தில் புதுப் பாடம் தொடங்க வேண்டாம் என்று நினைத்தேன். நல்ல காரியம் எதையும் ராகு காலத்தில் தொடங்கிப் பழக்கமில்லை எங்களுக்கு.

அப்போது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. எப்படியும் படிப்புக்கு ஆகாத நேரம். அவளுடைய ஒரு வேளைச் சாப்பாட்டை அதிலேயே வைத்துவிட்டால் நல்ல நேரம் ஒரு நிமிஷம்கூட வீணாகாது. சிவப்புக் கட்டம் ஒவ்வொன்றிலும் 'சாப்பாடு' என்று எழுதினேன். எழுதி முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோது அத்தனை பெருமையாக இருந்தது.

என்னோடு வேன் ஓட்டுகிற நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தபோது அதைப் பார்த்தார். "என்னா அண்ணே, பிள்ளைய ரூட்டுல ஏத்திட்டீங்களா? டாய்லெட்டுக்கு எந்த ஸ்டாப்புல எறங்கணும்?"

"போயா நீ" என்றேன். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்ததை அதற்கப்புறம் வெகுநாள் நான் பார்க்கவில்லை.

ராகு காலம் தினம் ஒரு நேரத்தில் வரும் என்பது எனக்குத் தெரியாததா? இங்கே விடிவது தாமதம் என்பதால், எங்கள் மலேசிய நாட்காட்டிப்படி திங்கட்கிழமை காலை எட்டரைக்கே வந்துவிடும். செவ்வாய்க்கிழமை மாலை நாலுக்கு. சனிக்கிழமை காலை பத்துக்கு. ஞாயிற்றுக்கிழமை கிட்டத்தட்ட ஆறுக்கு. ஒவ்வொரு கட்டத்தையும் என் கையால்தான் அடைத்தேன். சனி காலை பத்துக்குச் சாப்பிட்ட பிள்ளை அடுத்து ஞாயிறு மாலை ஆறுக்குத்தான் சாப்பிடும் என்று கூட்டிப் பார்க்க மட்டும் தோன்றவில்லை. நான் வழக்கம்போல மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டேன். என் வயிற்றுக்கு அந்த இடைவெளி தெரியவில்லை.

அவள் முடித்த ஒவ்வொரு கட்டத்திலும் பச்சைப் பேனாவால் ஒரு சரி போட்டாள். முதல் வாரம் ஒன்றுகூடத் தவறவில்லை. இரண்டாவது வாரமும் அப்படித்தான். வேலை முடிந்து வந்ததும் நான் முதலில் சுவரைத்தான் பார்ப்பேன். பிள்ளை முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் சுவர்.

என் மனைவி மேசையில் பாலும் வாழைப்பழமும் வைத்துவிட்டுப் போவாள். பால் குறையும், பழம் குறையும். "சாப்பிடுறாதானே" என்று கேட்பாள். "சீப்பே காலியாயிடுச்சு, பாக்கலையா" என்பேன். அந்தப் பழங்களை எடுத்தது பெரும்பாலும் நான்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மூன்றாவது வாரம் வீடு அமைதியாகிவிட்டது. அம்மாவும் மகளும் துணி காயப்போடுவதற்கெல்லாம் சண்டை பிடிப்பவர்கள். அந்தச் சத்தம் நின்றுபோனது. கிள்ளான் மதிய வெயிலில், காற்றாடியை நிறுத்திவிட்டு, அவள் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு படித்தாள். எங்கள் அடுக்குமாடியில் மின்தூக்கி அடிக்கடி கெட்டுப் போகும். நான்கு மாடியையும் ஓட்டமாக ஏறுகிற பிள்ளை இரண்டாவது மாடியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கைப்பேசியைப் பார்ப்பது போல நின்றாள். நாற்காலியை விட்டு எழுந்தால் முதலில் சுவரைத் தொட்டுக்கொண்டாள். இதையெல்லாம் நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, விரதம் உடம்பில் இறங்குகிறது, முருகன் சோதிக்கிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை அவள் சாமி அறையில் கும்பிட்டுக்கொண்டிருந்தபோது விளக்கு அணைந்தது. ஏற்றினேன். மறுபடியும் அணைந்தது. எண்ணெய் மாற்றினேன், திரி மாற்றினேன். மனம் ஆறவில்லை. ஏதோ குறை வைத்துவிட்டோம் என்று நினைத்து, அட்டவணையில் காலை ஐந்து மணிக்கு மேலே ஒரு புதுக் கோடு போட்டு 'முருகன் துதி, அரை மணி' என்று எழுதினேன். மறுநாள் அந்தக் கட்டத்திலும் பச்சைச் சரி விழுந்திருந்தது.

நான்காவது ஞாயிற்றுக்கிழமை. கொம்யூட்டர் என்கிற புறநகர் ரயிலில் அவளை ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்து வேனைக் கழுவிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு மணி தாண்டி அவள் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தால் வேறொரு பெண் குரல்.

"அண்ணே, போன்ல அப்பான்னு போட்டிருந்திச்சு. உங்க பொண்ணு டியூஷன் படியில விழுந்திருச்சு. பயப்படாதீங்க, இப்ப முழிச்சிருச்சு. நான் பூக்கடைக்காரி. எங்கிட்டதான் ஒக்காந்திருக்கு. நீங்க வாங்க."

கழுவிய வேன் ஈரத்தோடு அப்படியே கிளம்பினேன். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து சாலையையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியமாக இருந்திருக்கும். கூட்டரசு நெடுஞ்சாலையில் ஒவ்வொரு வண்டியும் வேண்டுமென்றே மெதுவாகப் போவது போலிருந்தது.

கடை வரிசையை ஒட்டிய அஞ்சடி நடைபாதையில், பூமாலைகள் தொங்கும் கடை வாசலில், ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் வீக்கம். உதடு வெள்ளையாக இருந்தது. கையில் உறிஞ்சுகுழல் போட்ட தே ஓ, அதாவது பால் விடாத தேநீர்ப் பொட்டலம். ஒரு சொட்டுகூடக் குறையவில்லை.

பூக்கடை அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அண்ணே, குடிம்மா குடிம்மான்னு சொல்றேன், மணி என்னான்னு கேக்குது. பன்னெண்டேகாலுன்னேன். அப்ப இன்னும் நேரம் வரலன்னு சொல்லுது. என்ன நேரம் அண்ணே? மருந்து ஏதும் சாப்பிடுதா?"

என் மனைவி மகள் முன்னால் குந்தி உட்கார்ந்து, "கடைசியா எப்ப சாப்பிட்ட?" என்று கேட்டாள்.

"நேத்து பத்து மணிக்கு."

"ராத்திரி பால்?"

"அது அட்டவணையில இல்லம்மா."

என் மனைவி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான். பாலுக்கும் பழத்துக்கும் நான் கட்டம் போடவில்லை. அது தானாக நடக்கும் என்று விட்டுவிட்டேன். எழுதாததை அவள் செய்யவில்லை.

"குடிம்மா" என்றேன்.

"ஆறு மணிக்குத்தான்பா."

"பரவால்ல, குடி. அப்பா சொல்றேன்ல."

"முறிஞ்சா கெடைக்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" கோபமாகக் கேட்கவில்லை. சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டாள். "இருபத்தாறு நாள் இருந்துட்டேன்பா. இப்ப விட்டா எல்லாம் போயிடும்."

அவள் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டாள். அந்தத் தேர்வுதான் பெரிது என்று ஒரு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கே நின்றபோது, என் பிள்ளை இதைக் குடித்தால் போதும், எனக்கு வேறெதுவும் வேண்டாம் என்றிருந்தது. ஆனால் எனக்கும் பயம் இருந்தது. நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன், அந்த நிமிஷத்திலும் விளக்கு அணைந்தது நினைவுக்கு வந்தது.

பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் ஒரு தட்டுத் தோசை வாங்கிவந்தேன். அவள் எதிரே தரையில் உட்கார்ந்து, ஒரு துண்டைப் பிட்டு என் வாயில் போட்டேன். வேன் ஓட்டம் இல்லாத ஞாயிறு என்பதால், நானும் அன்று ஒரு வேளைச் சாப்பாட்டைக் காலையிலேயே முடித்துவிட்டிருந்தேன். "நான் முறிச்சிட்டேன். வேண்டுனது நான். கேக்குறதா இருந்தா சாமி என்னத்தான் கேக்கும். நீ குடி" என்றேன். நடைபாதையில் போகிறவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

அவள் என் வாயையே பார்த்தாள். பிறகு குழலை உதட்டில் வைத்தாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. முறித்துவிட்டோமே என்ற பயத்தில் அழுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. ஆறுதலான அழுகையாக அது இல்லை.

அதே வரிசையில் இருந்த ஒரு மருத்துவர், சர்க்கரை மிகவும் இறங்கியிருக்கிறது என்றார். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். என் மனைவி சொன்னாள். மாலை வீடு திரும்பியதும் அட்டவணையைக் கிழித்தேன். அடுத்த மூன்று நாளுக்கான கட்டங்களிலும், சாப்பாட்டுக் கட்டம் உட்பட, பச்சைச் சரி முன்கூட்டியே போடப்பட்டிருந்தது. அதைப் பற்றி அவளிடம் நான் இன்னும் கேட்கவில்லை.

அவள் தேர்வு எழுதினாள். தைப்பூசத்தன்று பால்குடத்தை அவளுக்குப் பதிலாக நான் எடுத்தேன். படி ஏறி இறங்கும் வரை மன்னிப்பைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. மதிப்பெண் வந்தது. போதவில்லை. "சொன்னேன்லப்பா" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு நான் இன்றுவரை பதில் தேடுகிறேன். சாப்பிட்டதனால் போகவில்லை, சாப்பிடாததனால் போயிற்று என்று அவள் அம்மா எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். சரி என்று தலையாட்டுகிறாள். நம்புகிறாளா என்று தெரியவில்லை. அவள் மனதில் அந்தப் பயத்தை விதைத்தவன் நான். அதைப் பிடுங்க என் சொல்லுக்குப் பலம் போதவில்லை.

அந்தத் தேர்வை இரண்டாவது தடவையும் எழுதலாம். போன வாரம் அவளே ஒரு மாஜோங் பேப்பரை வாங்கிவந்து கூடத்தில் விரித்துக் கோடு போட்டாள். நான் தள்ளி நின்றுதான் பார்த்தேன். பாடம், பாடம், மாதிரித் தேர்வு, தூக்கம்.

"சாப்பாடு எங்கம்மா?"

"அதுக்குக் கட்டம் வேணாம்பா. பசிச்சா சாப்பிட்டுக்குறேன்."

பசிக்கிறது என்று அவள் சொல்லி நான் கேட்டு எத்தனையோ நாளாகிறது. மதியம் பிள்ளைகளை இறக்கிவிட்டதும் வேனை நிறுத்திவிட்டு நான்கு மாடி ஏறி வருகிறேன். தட்டைப் போட்டு எதிரே உட்கார்ந்தால் சாப்பிடுகிறாள். நான் எழுந்தால் அவள் கையும் நின்றுவிடுகிறது. சாமி அறையில் நின்றால் அந்தக் கல்லூரியைப் பற்றிக் கேட்க இப்போது எனக்கு வாய் வருவதில்லை. என் பிள்ளைக்குப் பசியைக் கொடு என்று மட்டும் கேட்கிறேன்.