பூ வாசம் அடித்த வெண்ணெய்

ஆசை தீர வெண்ணெய் தின்ன எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு கோடையில்தான். அந்தக் கோடையில் எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் தொண்டையில் எதுவும் இறங்கவில்லை. அதனால்தான் எனக்கு அவ்வளவு கிடைத்தது.

எங்கள் தோட்டம் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, கேரள-தமிழ்நாட்டு எல்லைக்குப் பக்கத்தில் இருந்தது. தென்னையும் கொஞ்சம் நிலக்கடலையும்தான் வெள்ளாமை. சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் கலப்பினப் பசுவுக்கு மாறிய பிறகும் அப்பா ஒரு எருமையைக் கட்டிக்கொண்டு மாரடித்தார். பால் சொசைட்டியில் ஊற்றுகிற அளவுக்கு அது கறக்காது. ஆனால் அம்மாவுக்கு எருமைத் தயிர்தான் தயிர். மற்றதெல்லாம் கலர் தண்ணீர் என்பாள்.

காலையில் அம்மா மோர் சிலுப்புகிற சத்தத்தில்தான் நான் எழுவேன். மத்தைச் சுற்றி வெள்ளையாகத் திரண்டு வருவதை அம்மா கையாலேயே வழித்தெடுப்பாள். இரண்டு தண்ணீரில் அலசி உருட்டித் தூக்குப்போசியில் போடுவாள். பசுவெண்ணெய் போல மஞ்சள் கிடையாது. சுண்ணாம்பு வெள்ளை. அதில் நெல்லிக்காய் அளவு உருண்டையை உள்ளங்கையில் வாங்கி, மேலே இரண்டு கல் உப்பு வைத்து, நாக்கில் போட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். மெல்லக் கூடாது. அதுவாகக் கரைந்து, கடைசியில் உப்புக் கல் மட்டும் பல்லில் தட்டும். அந்த உப்பு தட்டுவதற்குள் அடுத்த உருண்டைக்குக் கை நீண்டுவிடும். அம்மா அந்தக் கையில் ஒன்று போடுவாள். மிச்சமெல்லாம் நெய்க்கு.

அந்த வருஷம் அந்த ஓர் உருண்டைக்கும் பங்கம் வந்தது. அப்பாவின் தங்கச்சி, என் அத்தை, தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவளைப் பெற்றவள் இல்லாததால் பிறந்த வீட்டுக் கடமையெல்லாம் அம்மா தலையில். கடைசி மாசத்தில் தினமும் வெண்ணெய் தின்றால் பிள்ளை சிரமமில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்துவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஆகவே சிலுப்பிய வெண்ணெய் முழுக்க அத்தைக்குப் போயிற்று. எனக்கு மத்தை நக்கக் கொடுத்தார்கள். அத்தை நல்லவள். அம்மா அந்தப் பக்கம் திரும்பினால் தன் விரலில் ஒட்டியதை என் வாயில் தடவிவிடுவாள். ஆனாலும் எனக்கு அவள் வயிற்றைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பிள்ளை சீக்கிரம் பிறந்து தொலையட்டும், என் வெண்ணெய் எனக்குத் திரும்பி வரட்டும் என்றுதான் தினமும் வேண்டிக்கொண்டேன்.

பிள்ளை பிறந்தது. சிரமமில்லாமல்தான் பிறந்தது என்று அம்மா பிறகு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். பொழுது சாய்வதற்குள் போய்விட்டது. வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். எனக்குக் காட்டவில்லை. அப்பாவே குழி எடுத்துத் தென்னந்தோப்பின் கடைசி மரத்தடியில் புதைத்தார். மாமா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, அத்தையிடம் ஒரு வார்த்தை பேசாமல் பஸ் ஏறிப் போனார்.

அத்தையை உள் அறையில் படுக்க வைத்தார்கள். கடலை மூட்டை அடுக்கி வைக்கிற அறை அது. வீட்டிலேயே குளுமையான இடம். எங்களிடம் அப்போது ஃபிரிட்ஜ் இல்லாததால் வெண்ணெய்ப் போசியும் அங்கேதான் இருக்கும். அம்மா வழக்கம்போல வெண்ணெய் கொண்டுபோய் வைத்தாள். அத்தை தொடவில்லை. சோற்றையே தொடவில்லை, வெண்ணெய் எங்கே தொடுவாள். அம்மாவுக்கு அதை எடுத்து உருக்கவும் மனசில்லை. வீட்டில் ஒருவரும் ஏன் என்று கேட்காத அந்த நாட்களில் நான் போசியைத் திறந்து திறந்து தின்றேன். வேண்டிக்கொண்டது பலித்த சந்தோஷம் எனக்கு.

ஒரு குறைதான். வெண்ணெயில் மல்லிகைப்பூ வாசம் அடித்தது.

அதற்குக் காரணம் அம்மா. அந்த நாட்களில் பூக்காரியை நிறுத்தித் தினமும் மல்லிகை வாங்கினாள். சாவு விழுந்த வீட்டில் பூ எதற்கு என்று எனக்கே தெரியும், அம்மாவுக்குத் தெரியாதா. பூப்பொட்டலம் அத்தை அறைக்குள் போகும், கதவு சாத்திக்கொள்ளும். கொஞ்ச நேரம் கழித்து அம்மா வெளியே வருவாள். அத்தையின் தலையில் பூ இருக்காது. சாமி படத்துக்கும் வராது. மறுநாள் அந்தப் பூ பழுப்பேறி எருக்குழியில் கிடக்கும். அம்மாவிடம் கேட்டேன். அதெல்லாம் கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். சரி, அத்தை தலையில் வைக்க மனசில்லாமல் தலையணைக்கடியில் வைத்துக்கொள்கிறாள் போலிருக்கிறது என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். ஆனால் வெண்ணெய் கெட்டுப்போவதைப் பொறுக்க முடியவில்லை. பூ நாற்றம் அடிக்கிறது என்று அத்தையிடமே முகத்தைச் சுளித்துச் சொன்னேன். அத்தை எழுந்து, போசியைத் தன் கட்டிலை விட்டு எட்ட இருந்த ஜன்னல் திண்டில் கொண்டுபோய் வைத்தாள். அவ்வளவு தூரம் என்னை மதித்தாளே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அதே வாரத்தில் எருமைக்கன்றும் கழிச்சல் கண்டு செத்தது.

எருமையைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கன்று வந்து மடியை முட்டினால்தான் அது பாலை இறக்கும். இல்லாவிட்டால் என்ன செய்தாலும் அடக்கிக்கொண்டு நிற்கும். அன்றைக்குக் கறக்க உட்கார்ந்த அப்பாவை உதைத்துத் தள்ளியது. ஊசி போட்டுக் கறக்கலாம் என்று சொசைட்டியில் யாரோ யோசனை சொன்னார்கள். அப்பாவுக்கு அதில் சம்மதமில்லை. தண்ணீர் இல்லாத கோடை, வைக்கோலைக் காசு கொடுத்து வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தோம். அப்பா அம்மாவிடம் ஒன்றே ஒன்று சொன்னார்.

"பாலு நின்னுபோச்சுன்னா வண்டி ஏத்தி உட்டர வேண்டீதுதான்."

வண்டி ஏற்றுவது என்றால் என்னவென்று எங்கள் ஊர்க் குழந்தைகளுக்குத் தெரியும். சித்தூர் ரோட்டில் மேற்கே அறுப்புக்குப் போகிற வண்டியில் ஏறிய எருமை எதுவும் திரும்பி வந்ததில்லை. பால் நிற்கக் கூடாது என்று அன்றைக்கும் வேண்டிக்கொண்டேன். எருமைக்காக என்று சொன்னால் பொய்.

கடைசியில் அப்பா பழைய முறைக்கே போனார். செத்த கன்றின் தோலை உரித்து வாங்கி, சாம்பலும் மஞ்சளும் தேய்த்துக் காயவைத்து, உள்ளே வைக்கோலைத் திணித்துத் தைத்தார். நான்கு குச்சிகள் கால்கள். கண் இருந்த இடத்தில் இரண்டு தையல். முதுகில் உப்புத்தண்ணீர் தடவி எருமையின் முன்னால் நிறுத்தினார். எருமை மூக்கை நீட்டி மோந்து பார்த்தது. பிறகு தொண்டைக்குள்ளேயே மெதுவாக ஒரு சத்தம் கொடுத்தது. கன்றைக் கூப்பிடுகிற சத்தம். நக்க ஆரம்பித்தது. அப்பா சட்டென்று போசியோடு உட்கார்ந்தார். பால் சர்ரென்று இறங்கியது. நான் கை தட்டினேன்.

அப்புறம் தினமும் காலையிலும் சாயங்காலமும் இந்தக் கூத்து நடந்தது. கறந்து முடித்ததும் வைக்கோல் கன்றைத் தூக்கிப் பரணில் போட்டுவிடுவார்கள். எருமை கழுத்தைத் திருப்பித் தேடும். மறுபடி கன்றைக் கொண்டுவந்தால் மறுபடி அதே சத்தம், அதே நக்கல். நக்கி நக்கி முதுகில் மயிர் போய்த் தோல் வழுவழுவென்று ஆனது. எங்கள் மாட்டுக்கொட்டகை அத்தை அறை ஜன்னலுக்கு நேர் எதிரே இருந்தது. அதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

ஒரு மத்தியானம். அப்பா கடலைக்காட்டில் இருந்தார். அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். நான் கொட்டகை நிழலில் புளியங்கொட்டை வைத்து விளையாடிக்கொண்டிருந்தேன். அத்தை தானாக அறையை விட்டு வெளியே வந்ததை அன்றுதான் பார்த்தேன். நேராக வந்து பரணிலிருந்து வைக்கோல் கன்றை இறக்கினாள். அதைக் கண்டதும் எருமை அந்தச் சத்தத்தைக் கொடுத்தது. அத்தை அப்படியே நின்றாள். அவள் ரவிக்கையின் முன்பக்கம் நனைந்து ஊறிக்கொண்டு வந்தது. தண்ணீர்த் தொட்டியில் உரசியிருப்பாள் என்று நினைத்தேன். அத்தை கன்றை முந்தானையில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, மூலையிலிருந்த மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு தோப்புக்குள் நடந்தாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

கடைசி மரத்தடியில் மண் இன்னும் இறுகவில்லை. அதற்குப் பக்கத்தில் அத்தை வெட்ட ஆரம்பித்தாள். பிள்ளை பெற்ற உடம்பு, இரண்டு வெட்டுக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினாள்.

"அத்தை, அது இல்லாட்டி எரும பாலு உடாதுங்க" என்றேன்.

"தெரியுங் கண்ணு."

"அப்பறம் வெண்ணெய்க்கு என்னங்க பண்றது?"

அத்தை மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

"போசீல இருக்கறத பூராவும் நீயே தின்னுக்கோ, போ."

போனேன். உண்மையில் நான் ஓடித்தான் போனேன். ஜன்னல் திண்டில் உட்கார்ந்து போசியை வழித்து வழித்துத் தின்றேன். இனி கிடைக்காது என்று தெரிந்து தின்கிற பண்டத்துக்கு ருசி கூடுதல். ஜன்னல் வழியே, கொட்டகையைத் தாண்டி, தோப்பில் அத்தை மண்ணைத் தள்ளி மூடுவது தெரிந்தது.

சாயங்காலம் கறக்க வந்த அப்பா பரணில் தேடிவிட்டுச் சத்தம் போட்டார். அத்தை வாசலுக்கு வந்தாள்.

"நாந்தானுங்ணா பொதச்சுப்போட்டேன். செத்ததக் காட்டிக் காட்டி அத ஏமாத்தறோம். என்னால பாத்துட்டிருக்க முடியிலீங்ணா."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காட்டுப்பக்கம் போய்விட்டார். அம்மாதான் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதாள்.

அத்தைக்குத் தெரியாதது ஒன்றுதான். வண்டி ஏற்றுவதைப் பற்றி அப்பா சொன்னபோது அவள் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். இனிமேல் எருமையை யாரும் ஏமாற்ற மாட்டார்கள், அது பாட்டுக்கு நின்று தின்னும் என்று நினைத்திருப்பாள். அடுத்து வந்த நாட்களில் அது கறக்க விடவே இல்லை. மடி கட்டி வீங்கி, பிறகு வற்றியது. இரவெல்லாம் கத்தியது. தரகர் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

வண்டி வந்த அன்று அத்தை எங்கே அனுப்புகிறீர்கள் என்று கேட்டாள். பொள்ளாச்சியில் ஒரு தோட்டத்துக்கு, நன்றாக வைத்துக்கொள்வார்கள் என்றார் அப்பா. அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எருமை பலகையில் கால் வைக்க மறுத்தது. முன்னால் இழுத்தார்கள், பின்னால் தள்ளினார்கள், வாலை முறுக்கினார்கள். அத்தையால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. உள்ளே போய், கன்றைச் சுற்றி எடுத்துக்கொண்டு போன அந்தச் சேலையைக் கொண்டுவந்தாள். அதை அவள் துவைக்கவே இல்லை. எருமையின் மூக்குக்கு நேரே நீட்டினாள். எருமை அந்தச் சத்தத்தைக் கொடுத்தது. அத்தை சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்து பலகையில் ஏற, எருமை அதை நக்கிக்கொண்டே அவள் பின்னால் ஏறியது. எல்லோருக்கும் நிம்மதி. போய் நல்லா இரு என்று அத்தை அதன் நெற்றியைத் தடவிவிட்டு இறங்கினாள்.

எங்கள் தடம் தார் ரோட்டில் சேருகிற இடத்தில் பொள்ளாச்சிக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும். வண்டி வலது பக்கம் திரும்பிச் சித்தூர் ரோட்டில் போனது. அத்தை கையில் சேலையோடு பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அப்பா பக்கம் திரும்பினாள். அப்பா தலையைக் குனிந்து கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பாக்கெட் பால்தான். அத்தை மாமா வீட்டுக்குத் திரும்பிப் போனாள். பிறகு அவளுக்கு ஒரு மகன் பிறந்து, இப்போது அவன் பெங்களூரில் வேலையில் இருக்கிறான். விருந்துகளில் இலைக்கு நெய் ஊற்ற வந்தால் அத்தை கையை வைத்து மறித்துவிடுவாள். கொலஸ்ட்ரால் என்பாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் என் மகளுக்குத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டி வந்தது. எனக்கு மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டு, வலியில் உயிர் போயிற்று. ஊரிலிருந்து அம்மா வந்தாள். வந்ததும் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். நெருக்கமாகக் கட்டிய மல்லிகை. இந்த வலியில் பூ ஒன்றுதான் குறைச்சல் என்று எரிச்சல்பட்டுக்கொண்டு பின்னலை எடுத்து முன்னால் போட்டேன்.

"தலைக்கில்ல கண்ணு" என்றாள் அம்மா. கதவைச் சாத்திவிட்டு வந்து என் ரவிக்கைக் கொக்கியைக் கழற்றினாள். பூவை மார்பின் மேல் பரப்பி, பழைய துணியால் இறுக்கிக் கட்டினாள். இதுதான் பாலை வற்ற வைக்கும் என்றாள். அறை முழுக்க அந்த வாசம் நிறைந்தது. எனக்குப் பல்லில் உப்புக் கல் தட்டியது.

ஒரே வீட்டில், ஜன்னலுக்கு இந்தப் பக்கம் ஒருத்திக்குப் பாலை வற்ற வைத்துக்கொண்டிருந்தார்கள், அந்தப் பக்கம் ஒன்றுக்குப் பாலை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் உட்கார்ந்து வெண்ணெய் தின்றுகொண்டிருந்தவள், பூ நாற்றம் அடிக்கிறது என்று முகத்தைச் சுளித்தாள். அதைக் கேட்டு அத்தை எழுந்து, கட்டிய மார்போடு, வலியோடு, போசியைத் தன்னிடமிருந்து எட்டக் கொண்டுபோய் வைத்தாள்.