பேட்டரிக்குக் கட்டிய மல்லிகை

ஐம்பத்திரண்டு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவள் நான். என் கணவரின் சிறுநீரகங்கள் செயலிழந்து, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்று டாக்டர் சொன்ன பிறகு வேறு வழியில்லை. வீடு ஊருக்கு வெளியே டெங்கிலில், டயாலிசிஸ் மையம் நகரத்துக்குள் பிரிக்ஃபீல்ட்ஸில். வீட்டுப் பக்கம் இடம் கிடைக்கவில்லை. நடுவில் இருக்கும் ஹைவேயை இரண்டு வருடமாகப் பயந்துகொண்டேதான் கடக்கிறேன். அதை வெளியில் காட்டியதில்லை. லோரிக்காரனைத் திட்டுவேன், டோலைத் திட்டுவேன், சமயத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவரையும் திட்டுவேன். பயம் வந்தால் எனக்கு அது கோபமாகத்தான் வாயில் வரும்.

ஆயுத பூஜையன்று காரைக் கழுவி, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, முன்பக்கம் மாலை போட்டேன். எல்லோரும் செய்வதுதான். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் இந்த வண்டி என்றைக்காவது நின்றுவிட்டால் அவர் கதி என்ன என்ற நினைப்பு என்னை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. வண்டிக்கு உயிர் பேட்டரியில்தானே என்று பானெட்டைத் திறந்தேன். பேட்டரிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, இரண்டு முழம் மல்லிகைச் சரத்தை அதைச் சுற்றிக் கட்டினேன். கட்டி முடித்த பிறகும் நைலான் நூல் நீளமாக மிஞ்சியது. சாமி காரியத்தில் கத்தரிக்கோல் எதற்கு என்று ஓரமாகச் செருகிவிட்டு பானெட்டை மூடினேன்.

மறுநாள் காய்கறி வாங்க பாசாருக்குப் போகும்போது ஸ்டியரிங்குக்குப் பின்னால் சிவப்பு பேட்டரி விளக்கு மினுங்கியது. வெள்ளிக்கிழமை, டயாலிசிஸ் நாள், கார் ஸ்டார்ட் ஆகவே இல்லை. டக் டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். போன் செய்ததும் பேட்டரிக்காரர் வீட்டுக்கே வந்தார். மல்லிகையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, சரத்தை அறுத்து எடுத்துப் போட்டார். பழைய பேட்டரி வயதாகிப்போச்சு ஆன்டி என்று சொல்லிப் புதியதை மாட்டினார். விளக்கு அணைந்தது. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் நேரமாகிவிட்டதால் அன்று அவருக்கு ஒரு மணிநேரம் குறைவாகத்தான் மெஷின் ஓடியது.

அந்த ஒரு மணிநேரம் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவர் உடம்பில் தெரிந்தது. கால் வீங்கி செருப்பு நுழையவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சோபாவில் சாய்ந்தபடியே தூங்கினார். திங்கட்கிழமை மதியம் கிளம்பும்போது, எப்படியாவது இன்றைக்கு மெஷின் முழு நேரமும் ஓடிவிட வேண்டும் என்பதைத் தவிர என் மண்டையில் வேறொன்றும் இல்லை.

ஹைவேயில் ஏறிக் கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. வைப்பர், முன்விளக்கு, ஏர்கான் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சிவப்பு விளக்கு மறுபடி எரிந்தது. இந்த முறை அணையவில்லை. புது பேட்டரி போட்டு மூன்று நாள்தான் ஆகிறது, அப்புறம் எதற்கு எரிகிறாய் என்று அதையே திட்டினேன். ஏர்கானை நிறுத்தினேன். கண்ணாடி உடனே மங்கியது. வைப்பர் மெதுவாகி, பாதி வழியில் நின்று நின்று போனது. ஸ்டியரிங் கனத்துவிட்டது. பின்னால் ஒரு லோரி ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. பக்கத்தில் அவர் மூச்சு விடும் சத்தம் மட்டும் மழையைத் தாண்டி எனக்குக் கேட்டது.

அடுத்து வந்த வழியில் ஹைவேயை விட்டு இறங்கி, கண்ணில் பட்ட முதல் வொர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் நிறுத்தினேன். போன் ஆப்பில் வாடகைக் கார் கேட்டேன். மழையில் ஒருவரும் வரவில்லை. மையத்துக்குப் போன் செய்தேன். மூன்றரைக்குள் வந்தால் பார்க்கலாம், அதற்கு மேல் ஆனால் நேராக ஆஸ்பத்திரி எமெர்ஜென்சிக்குப் போய்விடுங்கள் என்றார் நர்ஸ். மணி இரண்டு இருபது.

வொர்க்‌ஷாப்காரர் என் வயதுக்காரர், தமிழர். எஞ்சினை ஓடவிட்டு, மீட்டரின் இரண்டு கம்பிகளையும் பேட்டரியில் வைத்துப் பார்த்தார்.

"எஞ்சின் ஓடும்போது பதினாலு வோல்ட்டுக்குப் பக்கத்துல காட்டணும்கா. பதினொன்றரைதான் காட்டுது. பேட்டரி மேல குத்தமே இல்ல, அதுக்குச் சார்ஜ் போகல."

பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது அல்டர்னேட்டராம். அதைச் சுழற்றுவது ஒரு பெல்ட்டாம். எஞ்சினை நிறுத்திவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தார். இடுக்கியை உள்ளே விட்டு எதையோ மெதுவாக இழுத்தார். கறுத்துப்போன நைலான் நூல், சுற்றுச் சுற்றாக வந்துகொண்டே இருந்தது. அதில் காய்ந்த பூக்காம்புகள் ஒட்டியிருந்தன. பேட்டரிக்காரர் அறுத்து எடுத்தது மேலே இருந்த பூவை மட்டும்தான். நான் செருகிவிட்ட மிச்சம் அதற்கு முன்பே கீழே இறங்கி பெல்ட்டுக்குள் சிக்கிச் சுற்றிக்கொண்டு, பெல்ட்டைக் கடித்து வழுக்க வைத்திருந்தது. மெக்கானிக் சிரிக்கவில்லை. பெல்ட் மாற்ற அரை மணிநேரம் ஆகும் என்று மட்டும் சொன்னார். நான் அந்த நூலை வாங்கி, டிஷ்யூவில் சுருட்டிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். காருக்குள் இருந்த கணவர் பார்த்துவிடக் கூடாது என்று முதுகைத் திருப்பிக்கொண்டுதான் போட்டேன்.

மூன்று இருபத்தைந்துக்கு மையத்துக்குள் நுழைந்தோம். ஊசி ஏற்றி, மெஷின் ஓட ஆரம்பித்து, அவர் மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக நிதானத்துக்கு வந்தது. அதற்குமேல் என்னால் மறைக்க முடியவில்லை. டிஷ்யூவைப் பிரித்துக் காட்டினேன். என் கையாலேயே உங்களைக் கொன்றிருப்பேன் என்றேன்.

"தெரியும்மா," என்றார். "நீ கட்டுறப்பவே பார்த்தேன். நூல் தொங்குது, வெட்டிடுன்னு சொல்லத்தான் வெளிய வந்தேன்."

பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். என் குரல் உயர்ந்ததில் பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"நீ அழுதுக்கிட்டே கட்டிக்கிட்டு இருந்த. என்னைப் பார்த்தா கண்ணைத் துடைச்சிட்டு, திட்ட ஆரம்பிச்சிருப்ப. அழுது முடிக்கட்டும்னு உள்ள போயிட்டேன். அப்புறம் நூலை மறந்துட்டேன்."

என் பயம் அவருக்குத் தெரியாது என்று இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஊசி ஏற்றாத கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். மெஷின் ஓடி முடியும்வரை, திட்டுவதற்கு எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை.