மகளின் வளைகாப்பில் என் கைக்கும் வளையல்

பதினாறு வருஷத்துக்கு முன்னால, உத்திரமேரூர் பக்கத்துல எங்க கிராமத்துல நடந்தது இது. அப்ப எனக்கு நாப்பத்தி நாலு வயசு. ஒரே பொண்ணைப் பக்கத்து ஊர்ல கட்டிக் கொடுத்திருந்தோம். அவ அஞ்சு மாசம் முழுகாம இருந்தா. தலைப்பிரசவம் தாய் வூட்டுலதானே, அதுக்குப் பழைய புடவையெல்லாம் துவைச்சு மடிச்சு வெச்சிக்கினு இருந்தேன்.

எனக்கு நாள் தள்ளிப் போனதை நான் கண்டுக்கவே இல்ல. நிக்கிற வயசுதானேன்னு விட்டுட்டேன். மூணாவது மாசம் சோறு வடிக்கும்போது அந்த வாசனைக்கே வாந்தி வந்துது. அப்பதான் விரல் விட்டு நாளை எண்ணிப் பார்த்தேன்.

வூட்டுக்காரர்கிட்ட சொன்னதும் மம்பட்டியைக் கீழ போட்டுட்டாரு. "சம்பந்தி மூஞ்சில எப்டி முழிக்கிறது?" இதான் அவர் கேட்ட மொத வார்த்தை. நாத்தனார் இன்னும் ஒரு படி மேல. "பேரன் பொறக்கற வயசுல இன்னாடி இது கூத்து? வாலாஜாபாத்ல மாத்திரை வாங்கியாறேன், கம்முனு முழுங்கிடு"ன்னாங்க. சொன்ன மாதிரியே வாங்கியாந்து கையில வெச்சாங்க.

முந்தானையில முடிஞ்சி வெச்சேனே தவிர, முழுங்கலை. எங்க தெருவுல ஒருத்தி இப்படித்தான் கடை மாத்திரையைப் போட்டுட்டு, ரத்தம் நிக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடினா. அந்த பயம். மறுநாள் யாருகிட்டயும் சொல்லாம, தனியா பஸ் ஏறி கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண்டக்டர்கிட்ட ஊர் பேரைச் சொல்லக்கூட கூச்சப்படற ஆளு நான். கரெக்டா சில்லறையை நீட்டிட்டுத் தலையைக் குனிஞ்சிக்குவேன்.

அங்க இருந்த டாக்டரம்மா எல்லாம் பார்த்துட்டு, மாத்திரை சேதியையும் கேட்டுக்கினு, "சரி, உங்களுக்கு என்னம்மா வேணும்?"னு கேட்டாங்க. கல்யாணத்துலகூட அப்படி ஒருத்தரும் என்னைக் கேட்டதில்ல.

அவங்களே பொறுமையா சொன்னாங்க. வேணாம்னா ஆஸ்பத்திரியிலயே பத்திரமா எடுத்துடலாம், அதுக்கு உங்க கையெழுத்து ஒண்ணே போதும், வூட்டுக்காரர் கையெழுத்துகூட வேணாம். வெச்சிக்கிறதா இருந்தா இந்த வயசுக்கு பிரஷர், சுகர் எல்லாம் ஜாக்கிரதையா பார்க்கணும். "ஒரு வாரம் யோசிச்சிட்டு வாங்க. அந்தக் கடை மாத்திரை மட்டும் வேணாம்மா"ன்னாங்க. முடிச்சை அவுத்து மாத்திரையை அவங்க மேசை மேலயே வெச்சிட்டு வந்தேன்.

அந்த ஒரு வாரமும் களை எடுத்துக்கினே யோசிச்சேன். சம்பந்தி இன்னா சொல்லுவாங்க, தெரு இன்னா சொல்லும், பொண்ணு மூஞ்சை எப்டி பார்க்கறது? வேணாம்ங்கிறதுக்கு நான் அடுக்குன காரணமெல்லாம் அடுத்தவங்க வாயிதான். என்னால முடியாதுன்னு என் உள்ளுக்குள்ள ஒரு தடவைகூட தோணலை. தோணியிருந்தா அந்தக் கையெழுத்தைப் போட்டிருப்பேன். அதுலயும் தப்பில்ல. ஆனா எனக்கு வேணும்னு இருந்துது. அதைப் போய் டாக்டரம்மாகிட்ட நானே சொன்னேன்.

பொண்ணுகிட்ட சொல்லத்தான் நடுக்கம். போன்லதான் சொன்னேன். கேட்டதும் சிரிச்சா பாருங்க ஒரு சிரிப்பு! "இன்னாம்மா, எனக்கே போட்டியா?"

அவ வளைகாப்பு அன்னிக்கு எனக்கு அஞ்சு மாசம். முந்தானையை இழுத்துப் போத்திக்கினு கதவுக்குப் பின்னாடி நின்னேன். சம்பந்தியம்மா எல்லாருக்கும் கேக்கற மாதிரி, "தாயும் மாசமா கீது, மகளும் மாசமா கீது. யாரு யாருக்குப் பத்தியம் ஆக்கிப் போடறது?"ன்னாங்க. பொம்பளைங்க வாயைப் பொத்திக்கினு சிரிச்சாங்க. என் பொண்ணு மணையிலிருந்து எழுந்தா. நேரா வந்து என் கையைப் புடிச்சு இழுத்தாந்து பக்கத்துல உட்கார வெச்சா. "எனக்குப் பத்தியம் ஆக்கிப் போடப் போற கை இதுதான் அத்தை. இதுக்கும் வளையல் போடுங்க"ன்னா.

சம்பந்தியம்மா என்னைப் பார்த்தாங்க, அவளைப் பார்த்தாங்க. "உன் வாய்க்கு ஆண்டவன்தான் பூட்டு போடணும்"னு சொல்லிக்கினே சந்தனத்தை எடுத்து என் கன்னத்துல பூசினாங்க. ரெண்டு கை நிறைய பச்சைக் கண்ணாடி வளையல்! என் தலைப்பிரசவத்துக்குக்கூட அவ்ளோ போட்டதில்ல.

ரெண்டு மாசம் கழிச்சு அவளுக்குப் பையன். நான் வெந்நீர் ஊத்தினேன். அடுத்த ரெண்டு மாசத்துல எனக்குப் பொண்ணு. அவ எனக்கு ஊத்தினா. இப்ப ரெண்டும் ஒரே ஸ்கூல்ல பத்தாவது. ரெண்டு மாசம் மூத்த பேரன் வேணும்னே கிரவுண்டுல நின்னு "சித்தி!"ன்னு கத்துவான், இவ செருப்பைத் தூக்கிக்கினு துரத்துவா.

இப்பெல்லாம் பஸ்சுல கண்டக்டர் கேக்கறதுக்கு முன்னாடியே எங்க ஊர் பேரை நானே சத்தமா சொல்லிடறேன். எனக்கு இன்னா வேணும்னு ஒரு தடவை வாயைத் தொறந்து சொல்லிட்டவளுக்கு, அப்புறம் எதுக்கும் அவ்ளோ கூச்சம் வர்றதில்ல.