நாலு எண்ணி அழுத்து

வேகன் ரிப்பேர் பண்ற பட்டறைல மேல ஓடுற கிரேனுக்கு அவன்தான் டிரைவர். இளவயசுல ஒரு ராக் குழுவுல டிரம்ஸ் அடிச்சவன். குழு கலைஞ்சிடுச்சு, கை அடங்கல. கூண்டுக்குள்ள உக்காந்தும் தாளம் போடுவான். அதனால பேரு இடி.

சனிக்கிழமை மதியம் கேன்டீன் பின்ரூம்ல ஏழெட்டு பேர் கூடுவோம். எல்லாம் ராக் பைத்தியம். நான் சங்கச் செயலாளர், அங்கேயும் அதட்டுறது நான்தான். டேப்ல பாட்டு ஓடும். இடி பையில இருந்து புத்தகத்தை எடுப்பான். கித்தார்காரன் வாழ்க்கை, பாடகி வாழ்க்கை, அடிச்சுக்கிட்டுப் பிரிஞ்ச குழுவோட கதை. யாருக்கு எதுன்னு முகத்தைப் பாத்துக் கொடுப்பான். பெயின்டர்கிட்ட, முதல் அம்பது பக்கம் பாட்டன் பூட்டன் கதை, அதைத் தாண்டிடு, இவன் கித்தார் வாங்கினதுல இருந்து படிம்பான். வீட்ல சண்டை போட்டுட்டு வந்த வெல்டருக்குக் குழு பிரிஞ்ச புத்தகம். யாரு முதல்ல வாயை மூடிக்கிட்டான்னு பாரு, அவன்தான் குழுவை உடைச்சவன்னு சொன்னான்.

ஒவ்வொரு புத்தகத்துலயும் ஒரு துண்டுச்சீட்டு இருக்கும். ‘பக்கம் 112. பாட்டைப் போட்டுட்டுப் படி. நடுவுல டிரம் நிக்கும், அங்க பக்கத்தைத் திருப்பாதே.’ என் நோட்டீஸை எவனும் அவ்வளவு அக்கறையா படிச்சதில்ல.

கடைசி ரெண்டு வருஷமா சீட்டுல பாட்டே வரல. ‘பக்கம் 40, நல்லா எழுதியிருக்கான்.’ அவ்வளவுதான். வயசாகுதுன்னு நினைச்சேன். மடையன் நான்.

கிரேனுக்குக் கீழ நின்னு சைகை காட்டுறவன் இடியோட தங்கச்சி புருஷன். பட்டறைக்கே அவன் மாப்பிள்ளை. கையசைச்சா ஏத்தணும், இறக்கணும். நீளமா விசில் ஊதினா அப்படியே நிறுத்தணும். ஒரு செவ்வாய்க்கிழமை காலைல ரெண்டு டன் சக்கரம் இறங்கிட்டிருந்துச்சு. மாப்பிள்ளை கால் கம்பிச் சுருள்ல மாட்டிக்கிச்சு. ஊதினான். சக்கரம் நிக்கல. மறுபடி ஊதினான். பூட்ஸை அங்கேயே விட்டுட்டு காலை உருவிக்கிட்டுப் பாஞ்சான். பூட்ஸ் தகடாயிடுச்சு.

லேட்டா ஊதினான்னு மாப்பிள்ளைக்கு மெமோ கொடுத்தாங்க. விடுவேனா? சாயங்காலமே நோட்டீஸ். ‘கிரேன் பிரேக் பழசு. நிர்வாகமே பதில் சொல்.’ இடிக்கும் ஒண்ணு கொடுத்தேன். படிச்சான், மடிச்சு பாக்கெட்ல வெச்சுக்கிட்டான்.

புதன்கிழமை சாப்பாட்டு நேரத்துல, அவன் எனக்குக் கொடுத்த புத்தகத்தைத் திறந்தேன். உள்ள இருந்தது எனக்கு எழுதின சீட்டே இல்ல. தனக்கு எழுதிக்கிட்டதை மறந்து வெச்சிருக்கான். ‘இடது காது, நாலு எண்ணி அழுத்து. வலது காது, ஆறு. போன வருஷ ஆளேதான், தாளம் மாத்தமாட்டான்.’

மறுநாள் வருஷாந்திர காது பரிசோதனை. கண்ணாடிக் கூண்டுல ஹெட்போன் மாட்டி உக்கார வெப்பாங்க. சத்தம் கேட்டா பட்டனை அழுத்தணும். பரிசோதிக்கிற ஆளு கொட்டாவி விட்டுக்கிட்டே ஒரே வேகத்துல சத்தம் அனுப்புவான். டிரம்ஸ் அடிச்சவனுக்கு, போன வருஷமே அவன் விரலைப் பாத்து அதை எண்ணி வெச்சுக்கத் தெரியாதா?

அப்பதான் எனக்கு உறைச்சுது. சனிக்கிழமைல அவன் எப்பவும் சுவத்துல முதுகை ஒட்டி, எங்களுக்கு எதிர்லதான் உக்காருவான். பாட்டைக் கேட்டு அவன் தாளம் போடல. எங்க காலைப் பாத்துப் போட்டிருக்கான்.

பட்டறைக்குப் போனேன். இடி எனக்கு முதுகைக் காட்டிக் குனிஞ்சு பூட்ஸ் கயித்தைக் கட்டிட்டிருந்தான். மாப்பிள்ளையோட விசில் ஆணியில தொங்குச்சு. எடுத்து, ஒரு கை தூரத்துல நின்னு ஊதினேன். அந்தக் கோடியில சாப்பிட்டுட்டிருந்தவங்க அத்தனை பேரும் திரும்பினாங்க. அவன் திரும்பல.

தோளைத் தொட்டு சீட்டை நீட்டினேன். அவன் சீட்டையும் என் கையில இருந்த விசிலையும் மாத்தி மாத்திப் பாத்தான்.

“எத்தனை நாளா?”

“ரெண்டு வருஷம் ஆச்சு தோழர். வாயசைவைப் பாத்துச் சமாளிக்கிறேன்.”

“விசிலுக்கு ஏதுடா வாயசைவு? கீழ நிக்கிறது உன் தங்கச்சி புருஷன்.”

“தெரியும். ஏணியில ஏறும்போதெல்லாம் அவன் நிக்கிற இடத்தைத்தான் பாக்கறேன். ஆனா இறங்கினா வேலை போச்சு, பட்டறை கேட்டுக்கு வெளியதான். ரெண்டு பொண்ணுங்க படிக்குதுங்க.”

நேரா ஆபீசுக்குப் போயிருக்கணும். போகல. சொன்னா தொழிலாளியைக் காட்டிக்கொடுத்த சங்கத்துக்காரன், சொல்லலைன்னா கொலைகாரன். அன்னைக்கு மதியமும் அவன் மேல ஏறினான். நான் மாப்பிள்ளை சட்டையைப் பிடிக்காத குறையா ஷிப்டு முடியிறவரைக்கும் பக்கத்துலயே நின்னேன். சங்கிலி ஒவ்வொரு தடவை கிறீச்சிட்டப்பவும் உசுரு போயிப் போயி வந்துச்சு. என்ன தோழர், எங்க மாமனார் அனுப்பின காவலான்னு அவன் நக்கல் வேற.

வியாழக்கிழமை. இடி கண்ணாடிக் கூண்டுக்குள்ள. வெளிய வரிசையில மாப்பிள்ளை, அவனுக்குப் பின்னாடி நான். இடியோட வலது கால் கட்டைவிரல் செருப்புக்குள்ள அசைய ஆரம்பிச்சுது. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. அழுத்தினான். அந்த ஆளு டிக் போட்டான். மறுபடி நாலு. மறுபடி டிக். பாஸாயிடுவான். நாளைக்கு மேல ஏறுவான்.

“பாருங்க தோழர், மச்சானுக்கு அங்கேயும் தாளம்தான்”னு மாப்பிள்ளை சிரிச்சான்.

அந்தச் சிரிப்பை இடி கண்ணாடி வழியா பாத்தான். பார்வை அப்படியே கீழ இறங்கி, மாப்பிள்ளையோட புது பூட்ஸ்ல வந்து நின்னுச்சு. விரல் நின்னுச்சு. அந்த ஆளு சத்தம் அனுப்பிக்கிட்டே இருந்தான். இடி பட்டனை மேஜைல வெச்சான், ஹெட்போனைக் கழட்டினான், ஏதோ சொன்னான். கண்ணாடியைத் தாண்டிச் சத்தம் வரல. எங்களுக்கு வாயசைவுதான் தெரிஞ்சுது.

“எனக்குக் கேக்கல.”

மாப்பிள்ளை சிரிப்பு பாதியில நின்னுச்சு. குனிஞ்சு தன் காலைப் பாத்தான்.

அன்னைக்கே அடுத்த நோட்டீஸ் எழுத உக்காந்தேன். முதல் வரி, ‘போன நோட்டீஸ்ல நான் எழுதினது தப்பு. பிரேக்ல கோளாறு இல்ல.’ முப்பது வருஷத்துல அப்படி ஆரம்பிச்சது அது ஒண்ணுதான். ரெண்டாவது வரி, ‘காதைத் தின்னது இந்தப் பட்டறைச் சத்தம். அதே சம்பளத்துல அவனுக்குத் தரையில வேலை கொடு.’ கொடுப்பாங்களான்னு தெரியாது. மூணாவது வரியில, புதன்கிழமையே எனக்குத் தெரியும்னு எழுதணும். பேனா நகரல.